மண்பாதைப் பைக் பயணத்துக்கு எந்த ஜிபிஎஸ்? டர்பன் பயணிகளின் கேள்விகளும் விடைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலிருந்து வார இறுதியில் பைக்கை எடுத்துக்கொண்டு டிராக்கன்ஸ்பர்க் மலைகளுக்கும் லெசோத்தோவுக்கும் போய்வரும் தமிழர்கள், கருவி வாங்குமுன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் யாவும் கரடுமுரடான மண்பாதையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தார்ச்சாலையில் மட்டும் செல்பவருக்கு இவற்றில் பாதி தேவைப்படாது.

கைபேசி இருக்கும்போது தனியாக ஒரு நேவிகேட்டர் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை அண்டர்பர்க் வரை சென்று, லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயில் ஏறித் திரும்புகிறவருக்கு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் ஆஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலி ஒன்று போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குவது அறிவுடைமை.

ஆனால் மண்பாதையில் அடிக்கடி, பல நாள் தொடர்ந்து செல்பவருக்குக் கைபேசியின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். முதலாவது வெப்பம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வறண்ட கரூ பகுதியின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதில் நேரடி வெயிலில் ஹேண்டில்பாரில் நின்று, சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும் கைபேசி முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு அணைந்துபோகும். இரண்டாவது அதிர்வு. திறன்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகக் கடத்தப்பட்டு ஐபோன் கேமராவின் நடுக்கம் தணிக்கும் பகுதியைப் பழுதாக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் எச்சரித்தது. அதிர்வு தணிக்கும் மவுண்ட் (கருவியைப் பொருத்தும் தாங்கி) ஓரளவு காப்பாற்றும். மூன்றாவது மழை: நனைந்த தொடுதிரை விரலையும் மழைத்துளியையும் வேறுபடுத்தி அறியாது, சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் புகுந்தால் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும்.

இவை அனைத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பைக் சாய்ந்து விழும்போது முதலில் கல்லில் மோதுவது ஹேண்டில்பாரில் இருக்கும் பொருள்தான். அது வழிகாட்டியாகவும் தொலைபேசியாகவும் ஒருசேர இருந்துவிட்டால், வழியும் போய், உதவிக்கு அழைக்கும் வாய்ப்பும் போகும். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவாவது ஹேண்டில்பாரில் வேறொரு கருவி வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் ஏற்பி செயற்கைக்கோளின் சமிக்ஞையைக் கேட்பதோடு சரி. எதையும் அனுப்புவதில்லை, சிம் அட்டையும் வேண்டாம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணுக்கெட்டினால் இருப்பிடம் கிடைத்துவிடும். கைபேசியில் நின்றுபோவது வரைபடம்தான், ஏனெனில் அது இணையத்திலிருந்து வருகிறது. இடுங்கிய பள்ளத்தாக்கில் வானம் பாதி மறைந்துவிடுவதால், ஜிபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் ஏற்கும் கருவி விரைவாகவும் துல்லியமாகவும் இடத்தைச் சொல்லும். இப்போது விற்பனைக்கு வரும் கருவிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

டிராக், ரூட், வேபாயிண்ட் என்கிறார்களே, இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

கருவி வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் முன் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே. இது புரியாமல் வாங்கிய விலையுயர்ந்த கருவி, புரிந்து வாங்கிய மலிவுக் கருவியைவிட மோசமாக வழிகாட்டும்.

பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் கோப்பாகவே கைமாறுகின்றன. அதற்குள் மூன்று வகைத் தரவுகள் இருக்கலாம். வேபாயிண்ட் என்பது ஒற்றைப் புள்ளி: பெட்ரோல் நிலையம், ஆற்றைக் கடக்கும் இடம், இரவு தங்குமிடம். டிராக் என்பது ஒருவர் உண்மையாகவே சென்ற தடம், சில மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பதிவானது. கருவி அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டுமே தவிர, எந்த வளைவையும் தன் விருப்பத்துக்கு மாற்றாது. ரூட் அப்படியன்று. சில புள்ளிகளைக் கொடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட வழியைக் கருவியே தன்னிடமுள்ள வரைபடத்தையும் அமைப்புகளையும் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளுமாறு விடுவது ரூட்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். மெக்லியரிலிருந்து 2587 மீட்டர் உயரமுள்ள நௌடே நெக் கணவாய் வழியாக ரோட்ஸ் என்னும் சிற்றூருக்குச் செல்ல ஐந்து பேர் கொண்ட ஒரு குழு முடிவு செய்கிறது. தலைவர் இரண்டு ஊர்களை மட்டும் குறித்த ரூட் ஒன்றை அனுப்புகிறார். ஒருவருடைய கருவியில் 'மண்சாலையைத் தவிர்' என்ற அமைப்பு, வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமலே இருக்கிறது. அந்தக் கருவி அவரை எலியட், பார்க்லி ஈஸ்ட் என்று பெரும்பாலும் தார்ச்சாலையில் சுற்றி அழைத்துச் செல்லும். எந்தக் கணவாயைக் காணப் புறப்பட்டாரோ அதை மட்டும் காட்டாது. கருவி பழுதாகிவிடவில்லை, சொன்னதைச் செய்திருக்கிறது. அதே பயணம் டிராக்காக வந்திருந்தால் ஐந்து பேரின் திரையிலும் ஒரே கோடு தெரிந்திருக்கும்.

ஆகவே மண்பாதைக்கு டிராக்கே அடிப்படை. ரூட்டைப் பெட்ரோலுக்கோ ஊருக்கோ திரும்பும் தார்ச்சாலைப் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை: டிராக்கை அப்படியே கோடாகக் காட்டுமா, பல டிராக்குகளை வெவ்வேறு நிறத்தில் ஒரே நேரத்தில் காட்டுமா, சென்ற வழியைத் தானாகப் பதிவு செய்து அதே தடத்தில் திரும்பி வர உதவுமா? நீண்ட டிராக்கை முழுமையாக ஏற்குமா என்பதையும் கேட்க வேண்டும், ஏனெனில் சில பழைய கருவிகள் புள்ளிகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் மிச்சத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும்.

எந்த வரைபடம் நல்லது?

தென்னாப்பிரிக்காவிலும் அண்டை நாடுகளிலும் மண்பாதை செல்வோரிடையே டிராக்ஸ்ஃபார்ஆப்பிரிக்கா வரைபடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இது தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு. பயணிகள் தாங்கள் சென்ற தடங்களைக் கொடுத்து வளர்த்தது. கட்டணம் செலுத்தி வாங்கி கார்மின் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பாதையைக் கடக்கப் பயணிகளுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற தகவல் இதில் இருப்பது மற்ற வரைபடங்களில் எளிதில் கிடைக்காத வசதி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசம், கைபேசிச் செயலிகள் பலவும் இதன் மேல்தான் இயங்குகின்றன, கார்மின் கருவிக்கு ஏற்ற வடிவிலும் இறக்கிக்கொள்ளலாம். லெசோத்தோவின் சிற்றூர்ப் பாதைகளில் பல இதில் வரையப்பட்டுள்ளன. ஆனால் வரைந்தவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தாரா, நேரில் சென்றாரா என்பது கோட்டைப் பார்த்தால் தெரியாது. ஆட்டுத் தடமும் கோடுதான், பக்கி (பிக்கப் வண்டி) செல்லும் பாதையும் கோடுதான். கருவியுடன் வரும் சாலை வரைபடம் ஊருக்குள் முகவரி தேட உதவும். என் பரிந்துரை, இரண்டு வரைபடங்களை ஏற்றி, மண்பாதை தொடங்கும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்வது. அதற்கு மைக்ரோ எஸ்டி அட்டைக்கு இடமுள்ள கருவி வசதியானது.

எந்த வரைபடத்தை வாங்கினாலும் பைக்குக்கு அனுமதியுண்டா என்பதைத் தனியே விசாரித்தாக வேண்டும். க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை, நமீபியாவின் எட்டோஷாவிலும் இல்லை. பலபோர்வாவிலிருந்து கிரியோண்டோ எல்லை வழியாக மொசாம்பிக்குக்குக் குறுக்குவழி காட்டும் கருவி அந்த வழி பூங்காவின் ஊடே செல்வதையும் காட்டும். வாயிற்காவலர் திருப்பி அனுப்புவார் என்பதைக் காட்டாது.

சந்தையில் இருக்கும் கருவிகளில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் பயணத்தின் தன்மையைப் பாருங்கள். நாளின் பெரும்பகுதி தார்ச்சாலையும் நல்ல சரளைச்சாலையுமாக இருந்தால் கார்மின் சூமோ எக்ஸ்டி வரிசை பொருந்தும். 2020இல் வந்த எக்ஸ்டிக்கு 5.5 அங்குலத் திரை, 2023இல் வந்த எக்ஸ்டி2க்கு 6 அங்குலம். இரண்டும் வெயிலில் நன்றாகத் தெரியும், கையுறையோடு இயக்கலாம், ஹெல்மெட்டின் புளூடூத் ஒலிபெருக்கியோடு இணையும். எக்ஸ்டியின் உள் பேட்டரி நிறுவனக் கணக்குப்படியே 6 மணி நேரம்தான், திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் அதைவிடக் குறைவு. பைக்கின் மின்சாரத்தோடு இணைந்திருக்கும் வரை இது ஒரு குறையன்று.

பைக்கை நிறுத்திவிட்டு நடந்தும் செல்பவருக்கும், பைக்கின் மின்சாரத்தை நம்ப விரும்பாதவருக்கும் கார்மின் மொன்டானா 700 வரிசை ஏற்றது. திரை 5 அங்குலம். பேட்டரி ஜிபிஎஸ் பயன்பாட்டில் 18 மணி நேரம் வரை நிற்கும் என்கிறது நிறுவனம். காற்றழுத்த உயரமானியும் திசைகாட்டியும் உண்டு. எடை கூடுதல், மெனுக்கள் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். டிராக்கைக் கையாள்வதில் எனக்கு இதுவே பிடித்தமானது.

ஜிபிஎஸ்மேப் 276சிஎக்ஸ் என்ற கருவியை மூத்த பயணிகள் பலர் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். தொடுதிரை கிடையாது, எல்லாம் பொத்தான்கள். கொட்டும் மழையில், தடித்த கையுறையோடு, குலுங்கும் பாதையில் பொத்தானை அழுத்திப் பார்த்தவருக்கு அந்தப் பிடிவாதத்தின் காரணம் விளங்கும்.

டாம்டாம் ரைடர் வளைந்து செல்லும் தார்ச்சாலை இன்பத்துக்கானது. வேறு நிறுவனத்தின் வரைபடத்தை அதில் ஏற்ற முடியாது என்பதால் மண்பாதைப் பயணிக்கு நான் சொல்லமாட்டேன். டிஎம்டி2 என்ற வழிகாட்டிச் செயலியோடு ஹேண்டில்பாரில் பொருத்தும் உறுதியான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் அண்மைக்காலத்தில் பரவி வருகின்றன. பெரிய திரையும் விரும்பிய செயலியை நிறுவும் சுதந்திரமும் அவற்றின் பலம். அமைப்புகளைத் தாமே சரிசெய்துகொள்ளும் ஆர்வம் உள்ளவருக்கு அவை ஏற்றவை.

திரை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

நின்றபடி ஓட்டும்போது ஒரே பார்வையில் கோட்டின் அடுத்த வளைவு தெரிய வேண்டும், அவ்வளவே. 5 அங்குலம் போதும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்பவர்கள் 6 அங்குலத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. கடையின் விளக்கொளியில் திரையைப் பார்ப்பதில் பயனில்லை. வாசலுக்கு எடுத்துச் சென்று, வெயிலில், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கையுறையோடு தொட்டுப் பார்க்க வேண்டும்.

பைக்கில் எப்படிப் பொருத்துவது, மின்சாரம் எப்படிக் கொடுப்பது?

ஓர் அங்குல உருண்டை வைத்த ராம் நிறுவன மவுண்ட் பெரும்பாலான மண்பாதைப் பைக்குகளில் காணப்படுவது. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும், விழும்போது முறிவதற்குப் பதிலாகத் திரும்பிக்கொள்ளும். ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பியைவிட, மீட்டருக்கு மேலே ஒரு கம்பியில் பொருத்துவது சிறந்தது. கண் பாதையிலிருந்து அதிகம் இறங்க வேண்டியதில்லை, எழுந்து நிற்கையில் மார்பும் இடிக்காது.

மின்சாரத்துக்கு, கருவியோடு வரும் தொட்டிலை (கருவியை மாட்டும் தாங்கியை) பைக் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த கம்பி மூலம் நேரடியாக இணைப்பதே நம்பகமானது. சாவியை அணைத்தால் அணையும் இணைப்பு வேண்டுமெனில் ரிலே ஒன்றைச் சேர்க்கலாம். பிஎம்டபிள்யூ ஜிஎஸ் போன்ற, கேன்பஸ் (மின்பாகங்களைக் கணினி வலையமைப்பால் கட்டுப்படுத்தும்) மின்னமைப்புள்ள பைக்குகளில் கிடைத்த கம்பியை வெட்டி ஒட்டக்கூடாது, அதற்கென உள்ள துணை இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, கம்பி இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே கட்டுங்கள்.

பெட்ரோல் போட நிறுத்தும்போது கருவியைக் கழற்றி உடன் எடுத்துச் செல்வது நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூட்டுள்ள தொட்டில் இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

நீர், தூசி பாதுகாப்பு எந்த அளவு வேண்டும்?

ஐபிஎக்ஸ்7 குறைந்தபட்சம். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். இந்தக் குறியில் எக்ஸ் என்பது தூசிக்கான சோதனை மதிப்பு குறிக்கப்படவில்லை என்பதைக் காட்டும். ஐபி67 என்றிருந்தால் தூசிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது.

விபத்து நேர்ந்தால் உதவி அழைக்கும் வசதியும் நேவிகேட்டரிலேயே இருக்க வேண்டுமா?

மொன்டானா 700ஐ, 750ஐ ஆகியவற்றில் இன்ரீச் வசதி உள்ளது. இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக, கைபேசிக் கோபுரமே இல்லாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம், அவசர அழைப்பும் விடுக்கலாம். சந்தா கட்டியிருந்தால்தான் வேலை செய்யும்.

வசதி நல்லதே, ஆயினும் ஹேண்டில்பாரில் பொருத்திய கருவியில் அது இருப்பதை நான் விரும்பவில்லை. லெசோத்தோவின் மலைவிளிம்புப் பாதையில் பைக் ஒருபுறமும் ஓட்டியவர் ஒருபுறமுமாக விழுந்தால், கால் முறிந்தவர் பைக் இருக்கும் பள்ளத்துக்கு இறங்கிப் பொத்தானை அழுத்த முடியாது. அவசரக் கருவி உடலோடு இருக்க வேண்டும். இன்ரீச் மினி 2 போன்ற, 100 கிராம் எடையுள்ள தனிக் கருவியை ஜாக்கெட்டிலோ தோள்பட்டையிலோ மாட்டிக்கொண்டு, நேவிகேட்டரை அந்த வசதியில்லாத மாதிரியாக வாங்குவதே மேல்.

கைபேசிச் சிக்னல் உள்ள இடத்தில் தென்னாப்பிரிக்காவில் 112 என்ற எண்ணையும், ஆம்புலன்சுக்கு 10177 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

இன்னொன்று. விடுமுறைக்குத் தமிழ்நாட்டில் உறவினரைப் பார்க்கப் போகும்போது இன்ரீச் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முன் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியச் சட்டப்படி குற்றம். இந்திய விமான நிலையங்களில் இதற்காக வெளிநாட்டினர் பிடிபட்டிருக்கிறார்கள்.

நண்பர் அனுப்பிய ஆயத்தொலைவுகளை இட்டால் வேறெங்கோ காட்டுகிறதே?

பெரும்பாலும் கழித்தல் குறி விடுபட்டிருக்கும். நாம் தென் அரைக்கோளத்தில் இருக்கிறோம், அட்சரேகைக்கு முன் கழித்தல் குறி கட்டாயம். சானி கணவாயின் உச்சி ஏறத்தாழ -29.58, 29.29. குறியை விட்டுவிட்டால் கருவி எகிப்தின் மேற்குப் பாலைவனத்தைக் காட்டும். அடுத்த காரணம் வடிவம்: பாகையைத் தசமத்தில் எழுதுவதும், பாகை-கலை-விகலையில் எழுதுவதும் வேறு. 29.30 என்பது 29 பாகை 30 கலை ஆகாது, 29 பாகை 18 கலை.

பழைய 1:50,000 நிலவரைபடத்திலிருந்து எடுத்த இடமானால் அதன் அடிப்படை அளவீட்டையும் (ஆயத்தொலைவுகள் எந்த முறையில் கணக்கிடப்பட்டன என்பதையும்) பார்க்க வேண்டும். 1999 ஜனவரி முதல்தான் தென்னாப்பிரிக்கா ஹார்டபீஸ்ட்ஹூக்94 முறைக்கு மாறியது. அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறையோடு ஒத்துப்போகும். அதற்கு முந்தைய கேப் முறை வரைபடத்து எண்கள் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஆற்றைக் கடக்கும் துறையைத் தேடுபவருக்கு அது பெரிய தொலைவு.

கருவி சொல்லும் வருகை நேரத்தை நம்பலாமா?

தார்ச்சாலையில் நம்பலாம். மண்பாதையில், சாலையின் வகைக்கேற்ப ஒரு வேகத்தை வைத்துக் கருவி கணக்கிடுவதால், கல்லும் சேறும் ஏற்றமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. சானி கணவாய்ப் பாதை 1544 மீட்டரிலிருந்து 2876 மீட்டருக்கு ஏறுகிறது. சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு. எல்லைச் சாவடி காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். லெசோத்தோவின் மொகொட்லாங் ஊரிலிருந்து திரும்புகையில் 3240 மீட்டர் உயரமுள்ள கொட்டிசெஃபோலா கணவாயையும் கடந்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணியைச் சற்றுத் தாண்டியதுமே வெளிச்சம் போய்விடுகிறது. கருவியின் நேரத்தோடு தாராளமாகக் கூட்டிக்கொண்டு, பிற்பகலிலேயே சாவடியை அடையும்படி திட்டமிடுங்கள்.

எரிபொருளுக்கும் இதே எச்சரிக்கை. செரெசிலிருந்து கல்வினியா வரை டாங்க்வா கரூ வழியே செல்லும் ஆர்355 சாலையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது. டயரைக் கிழிக்கும் கற்களுக்குப் பேர்போன பாதை. இத்தகைய பகுதிக்கு முன்னுள்ள கடைசிப் பெட்ரோல் நிலையத்தை வேபாயிண்டாகக் குறித்துக்கொள்வது நல்லது.

குழுவாகச் செல்லும்போது எப்படி?

ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பு எல்லாருடைய கருவியிலும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். புறப்படும் காலையில் பெட்ரோல் நிலையத்தில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது, ஏனெனில் யாரேனும் ஒருவருடைய கருவி கோப்பைத் திறக்க மறுக்கும். ஈஸ்டர் விடுமுறையில் நம்மவர்களில் பலர் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்களாகையால், அந்த வாரம் பயணத்துக்கு வராதவர்களிடம் கோப்பைச் சரிபார்க்கச் சொல்லலாம். அடுத்த பயணத்துக்கு அது தயாராக இருக்கும்.

ஓட்டும்போது கருவியைத் தொடுவது சட்டப்படி சரியா?

கையில் பிடித்த தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டுகையில் பயன்படுத்தத் தென்னாப்பிரிக்கச் சாலை விதி தடை செய்கிறது. மவுண்டில் பொருத்தியிருப்பது வேறு. இருந்தாலும் மெனுவைத் தேடுவதானால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பழைய கருவியை வாங்கலாமா?

வாங்கலாம், எக்ஸ்டி2 வந்தபின் பழைய எக்ஸ்டிகள் கைமாற்றுச் சந்தையில் தாராளமாக வருகின்றன. மின்சாரம் தரும் தொட்டில் உடன் வருகிறதா என்று முதலில் பாருங்கள், தனியே வாங்கினால் விலை அதிகம். திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். மின்சாரமின்றி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சோதியுங்கள். மிகப் பழைய கருவியானால் அது காட்டும் தேதியையும் கவனியுங்கள்: ஜிபிஎஸ் அமைப்பின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும், கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 அன்று. மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகளில் இருப்பிடம் சரியாக இருந்தாலும் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தங்கியிருக்கும். பதிவாகும் டிராக்குகளின் தேதியும் கருவி சொல்லும் சூரிய அஸ்தமன நேரமும் தவறாகும். புதிய மென்பொருள் அதற்குக் கிடைக்கவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.